ஆனந்தவள்ளி சாப்பிடாதது குறித்து

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை, முற்பகல்.

மரியாதைக்குரிய மைத்துனர் ஹரிஹரசுதன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் தர்மராஜ் எழுதுவது. துறையூரில் நீங்களும் உங்கள் மனைவி மயிலம்மாளும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மிக்சர் கடையும் நன்றாக நடப்பதாகக் கேள்வி. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து, என் மகள் ஆனந்தவள்ளியைத் துறையூருக்கு அழைத்துப்போய், சில மாதங்கள் வைத்திருந்து, நன்றாகச் சாப்பிட வைத்துத் திருப்பி அனுப்பப் போவதாக உங்கள் அக்காள் பானுப்ரியா நேற்று என்னிடம் தெரிவித்தாள். தெரிவித்தாள் என்றுதான் எழுத வேண்டும். கேட்டாள் என்று எழுத முடியாது. இரண்டு வயது நிறையாத ஒரு குழந்தையைத் தகப்பன் கையிலிருந்து எடுத்து மிக்சர் கடைக்கு மாற்றுவது பற்றி அக்காளும் தம்பியும் போனிலேயே பேசி முடித்துவிட்டீர்கள். அதற்கு என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வர வேண்டாம். குழந்தையை அனுப்ப மாட்டேன். இதற்கு மேல் இருப்பதெல்லாம் விளக்கம்தான்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனை எடுத்ததும் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாவின் மேல் வைத்துவிடுகிறீர்கள். நான் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் குறுக்கே வந்து "கால் கிலோ ஓமப்பொடி" என்கிறார். போன தீபாவளிக்கு நான் உங்களுக்குச் சொன்ன வாழ்த்துக்கு உங்கள் கடையில் பொட்டலம் மடிக்கும் அம்மாள் பதில் வாழ்த்துச் சொன்னார். அவரை நான் பார்த்ததே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறினேன். வெளியேறியதை யாரும் கவனிக்கவில்லை என்பது பொங்கலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே கடிதம். பானு லால்குடி தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள், அவளிடமே கொடுத்தனுப்பலாம், ஆனால் அவள் படிக்காமல் கொண்டுபோவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கேயே நானே ஸ்பீட் போஸ்ட்டில் சேர்க்கிறேன். சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

பழைய விஷயங்களை நான் எடுக்கப் போவதில்லை. உங்கள் புதுமனை புகுவிழா அழைப்பிதழில் எல்லாருக்கும் படிப்பைப் போட்டுவிட்டு, உங்கள் சகலைக்கு டிப்ளமோ என்றுகூடப் போட்டுவிட்டு, என் பெயரை மட்டும் மொட்டையாக விட்டது பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். எம்.எஸ்சி., எம்.ஃபில். என்று அடிக்க எவ்வளவு இடம் ஆகிவிடும் என்றும் கேட்க மாட்டேன். உங்கள் காரில் ஒவ்வொரு முறையும் என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து மடியில் முறுக்கு டின்னைக் கொடுப்பது பற்றியும் எழுத மாட்டேன். ஆனால் துறையூர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில்தான் என் மகளைச் சாப்பிட வைக்கப் போகிறீர்களாம். கல்யாணமான நாளிலிருந்து நான் அங்கே எப்போது வந்தாலும் மாப்பிள்ளைக்கு முதல் இலை என்று ஒரே ஒரு இலையைக் கூடத்தின் நடுவில் போடுவீர்கள். நான் அதன் முன்னால் தனியாக உட்கார வேண்டும். உங்கள் வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டு என் வாயைப் பார்ப்பீர்கள். "மாமாவுக்குக் கூட்டு வை", "மாமா ஒண்ணுமே சாப்பிடலையே", "என்ன மாமா, பிடிக்கலையா?" பதில் சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள் ஒரு கரண்டி வந்து விழும். எப்படியோ விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவினால் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போய்விடுவீர்கள். பிறகு அடுக்களைப் பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறீர்கள் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. நான் அங்கே தினத்தந்தியில் வரி விளம்பரம் படித்துக்கொண்டிருப்பேன். இதை மரியாதை என்று சொல்கிறீர்கள். இருக்கட்டும்.

இப்போது குழந்தையின் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவளை நான் ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு பட்டினி போடுவதாக உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அட்டவணை இருக்கிறது, உண்மை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. துறைத்தலைவர் பதவியை என்னிடம் படித்த ஒரு பையனுக்குக் கொடுத்த அன்று நான் கல்லூரியில் ராஜினாமா கடிதம் நீட்டினேன் என்பதும், நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்று முதல் சாயங்காலத்தில் ஆன்லைன் ட்யூஷன், பகல் முழுவதும் குழந்தை என்று ஏற்பாடு. பானு காலை ரயிலில் லால்குடிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு என்னென்ன வேண்டும் என்பதை நான் முறையாகப் படித்தேன். தானியம், பருப்பு, கீரை, காய், பழம், பால், கொஞ்சம் நெய். எது எப்போது, எதற்குப் பின் எது, இரும்புச்சத்து உள்ளதோடு பாலைச் சேர்க்காமல் எலுமிச்சையைச் சேர்ப்பது எப்படி, எல்லாம் அதில் இருக்கிறது. இந்த அட்டவணையில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகள் டாக்டரே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதில் ஒரே ஒரு குறைதான்: ஆனந்தவள்ளி சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

கேழ்வரகுக் கூழைத் துப்பினாள். வெல்லம் சேர்த்தேன், வெல்லத்தை மட்டும் எப்படியோ பிரித்து எடுத்துக்கொண்டு கூழைத் துப்பினாள். நான் வேதியியல் படித்தவன், கரைந்த வெல்லத்தைக் கூழிலிருந்து அப்படிப் பிரிக்க முடியாது, ஆனால் அவள் பிரித்தாள். பச்சைப்பயறு மசியலைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். கேரட்டை வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தேன், ஒவ்வொன்றாக எடுத்து என் சட்டைப்பையில் போட்டாள். முருங்கைக்கீரையை நெய்ச்சோற்றில் பிசைந்து ஊட்டியபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டாள், அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை, சாயங்காலம் பானு ரயிலிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த கீரையை முழுதாக அவள் உள்ளங்கையில் ஒப்படைத்தாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று பானு கேட்டாள். எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். அவளுக்கென்று தனித் தட்டு, தனி நாற்காலி. நேரம் தவறாமல் முதலில் அவளுக்குத்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. எதிரே நின்று ஒவ்வொரு வாயும் உள்ளே போகிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரு வாய்கூடப் போகவில்லை. சாப்பிடலைன்னா சாப்பிடலை, குறட்டால வாயைத் திறக்கவா முடியும்?

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. நீங்கள் வரும்போதெல்லாம் கொண்டு வரும் காராபூந்தி பாக்கெட்டின் சத்தத்தைக் கேட்டாலே அவள் எந்த அறையிலிருந்தாலும் வந்துவிடுகிறாள். அதில் இருக்கிற கடலை அந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் அடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆகவே பாக்கெட்டைப் பரணில் வைத்திருக்கிறேன். அதை யார் சாப்பிடுகிறார்கள் என்பது இங்கே விஷயமில்லை.

போன மாதம் எடை பார்த்ததில் முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டர் எடையை அட்டையில் குறித்தார். பிறகு, "தினம் ஒரு முட்டை கொடுங்க சார், பார்ப்போம்" என்றார். முட்டை எங்கள் அட்டவணையில் இல்லை. ஏன் இல்லை என்று துறையூரில் இருப்பவருக்குப் புரியாது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில், கோயில் வீதியில், மாடியில் குடியிருக்கிறோம். பானுவுக்கு ரயில் நிலையம் நடக்கிற தூரம் என்பதால் பிடித்த வீடு. கீழே வீட்டுச் சொந்தக்காரர் சடகோபன் குடும்பம். வீடு கொடுக்கும்போதே அவர் வைத்த ஒரே நிபந்தனை, முட்டையும் மாமிசமும் வாசற்படி தாண்டக்கூடாது என்பது. நான் வார்த்தை கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் எனக்குக் கொடுத்த வார்த்தையை எப்படி வைத்துக்கொண்டாலும் நான் கொடுத்ததைக் காப்பாற்றுகிறவன். எனவே முட்டை வாசற்படி தாண்டி வரக்கூடாது என்றால் குழந்தை ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலக்கரையில் தைரியராஜ் இருக்கிறார். இயற்பியல் துறை, கல்லூரியில் நான் வெளியேறிய அன்று கேட் வரைக்கும் கூட வந்த ஒரே மனிதர். தினமும் ஆனந்தவள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து ஒரு முட்டைக்காகப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா சார், ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்பார். முட்டைக்கு என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்பேன். தைரியராஜின் மனைவி லூர்துராணி முட்டையை அவித்து உரித்து நான்காக நறுக்கி வைப்பார். முதல் நாள் நான் ஒவ்வொரு துண்டாக நீட்ட, குழந்தை ஒவ்வொரு துண்டுக்கும் முகத்தைத் திருப்பினாள். அதற்குள் தைரியராஜும் அவர் மகள் ஆஷ்லியும் காலை ஷிஃப்ட் முடித்துக் கல்லூரியிலிருந்து வந்துவிட்டார்கள். மூன்று பேரும் தரையில் பாயைப் போட்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆனந்தவள்ளி என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, தவழ்கிற வயது தாண்டியவள் வேண்டுமென்றே தவழ்ந்துபோய், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. ஆஷ்லி ஏதோ பரீட்சை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகள் லூர்துராணியின் தட்டில் கையை வைத்து ரசம் சோற்றை அள்ளி வாயில் போட்டாள். பீன்ஸ் பொரியல் எடுத்தாள். பிறகு நான் நீட்டியபோது வேண்டாம் என்ற அதே முட்டையை ஆஷ்லியின் தட்டு ஓரத்தில் வைத்ததும் எடுத்துத் தின்றாள். நான் கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"சார், நீங்களும் உக்காருங்களேன், ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான் என்ன?" என்றார் லூர்துராணி.

"இல்லம்மா, நான் வீட்டுல போயிச் சாப்பிட்டுக்குறேன்."

"வீட்டுல யாரு சார் இருக்கா உங்களுக்குப் போட? அக்கா லால்குடியிலதானே இருக்காங்க?"

"நானே போட்டுக்குவேன்."

"அவரை விடு ராணி," என்றார் தைரியராஜ். "காலேஜ்லயும் இப்படித்தான். நாங்கள்லாம் ஸ்டாஃப் ரூம்ல டிபன் பாக்ஸைத் திறந்தா இவரு தூக்கிக்கிட்டு லேப்புக்குப் போயிருவாரு. அங்க ஆசிட் பாட்டிலோட உக்காந்து சாப்பிடுவாரு."

"ஆசிட்டு பேசாதுல்லப்பா," என்றாள் ஆஷ்லி.

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் ஆனந்தவள்ளியும் வாயில் மஞ்சள் கருவோடு சிரித்தாள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இதை நான் அப்படியே விடவில்லை. அங்கே சாப்பிடுகிறவள் இங்கே ஏன் சாப்பிடுவதில்லை என்பது ஒரு கேள்வி. கேள்வி என்றால் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் தட்டு என்று நினைத்தேன். அவர்கள் வீட்டில் ஓரத்தில் பூப்போட்ட பீங்கான் தட்டு. இரவல் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார், ஆனா தட்டுல என்ன இருக்கு?" என்றார் லூர்துராணி. இங்கே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். கவிழ்த்தாள். பிறகு அரிசி என்று நினைத்தேன், அவர்கள் வாங்கும் அரிசியையே காந்தி மார்க்கெட்டில் தேடி வாங்கினேன். அதையும் கவிழ்த்தாள். நாற்காலி வேண்டாமென்று பாய் போட்டேன். பாயில் தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். கடைசியாக, அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தின் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, தட்டுச் சத்தம், பேச்சு, ஆஷ்லியின் சிரிப்பு எல்லாம் கேட்கும்படி, ஊட்டும்போது போட்டுவிட்டேன். ஆனந்தவள்ளி போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பிறகு அழுதாள். அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

இதற்கிடையில்தான் அந்தச் சம்பவம். ஒரு நாள் பாலக்கரையிலிருந்து திரும்பி வருகிறோம். சடகோபன் வாசலில் நின்றிருந்தார். "என்னடி கொழந்தே, என்ன சாப்ட்டே?" என்று கன்னத்தைத் தட்டிக் கேட்டார். அம்மா, வேணாம் என்ற இரண்டு சொற்களைத் தவிர அதுவரை எதையும் தெளிவாகப் பேசியிராத என் மகள், வீதிக்கே கேட்கும்படி, "முட்ட" என்றாள். நான் ஆசிரியராக இருந்தவன் அல்லவா, மாணவர்கள் வாங்கும் மார்க்கைப் பற்றி வீட்டில் பேசுவதுண்டு, அதைக் கேட்டுச் சொல்கிறாள் என்றேன். குழந்தை இரண்டு கைகளையும் உருண்டையாக்கிக் காட்டி, "மஞ்ச" என்று சேர்த்துக்கொண்டாள்.

சடகோபன் என் பக்கம் திரும்பினார். "தளிகை இங்கே ஆகலையோன்னோ?" என்றார். இந்த வீட்டில் சமைக்கவில்லையே என்று பொருள். இல்லை, பாலக்கரையில் என்றேன். "பாலக்கரைன்னா நேக்குச் சம்பந்தமில்லை. வாசக்குழாய்ல கையையும் வாயையும் அலம்பிவிட்டு உள்ளே அழைச்சுண்டு வாங்கோ. கொழந்தைதானே, சாப்ட்டா சரி" என்றார். நீங்கள் இதைக் கேட்டு நல்ல மனிதர் என்பீர்கள். பானுவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் நான் மன்னிப்பே கேட்கவில்லை. கேட்காத ஒருவனை வாசலில் வைத்து மன்னிப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது உங்களில் யாருக்கும் புரியவில்லை. நான் நிபந்தனையை மீறவே இல்லையே, ஆறு தாண்டிப் போனவன் அல்லவா நான்? அங்கேயே அவரிடம், இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

சாயங்காலம் பானு வந்தாள். உங்கள் அக்காள் கத்துகிறவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கைப்பையைக்கூடக் கழற்றாமல் மெதுவாகத்தான் சொன்னாள். "வேலைய விட்டீங்க, ஒண்ணும் கேக்கலை. குரூப்பை விட்டீங்க, சிரிச்சுக்கிட்டேன். இப்ப வீடு. அடுத்தது எதை விடப்போறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா நானும் தயாரா இருப்பேன்." சரியாக அந்த வாரம் தைரியராஜ் குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டார். பாலக்கரைக் கதவு பூட்டு. செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்த்ததில் முள் பழைய இடத்துக்கும் கீழே நின்றது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போதே பானு போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள். "புள்ளைய இங்க கொண்டாந்து விடுக்கா, மயிலு பாத்துக்குவா" என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் மட்டும்தான் ஸ்பீக்கரில் போடுவீர்களா?

ஆகவே விஷயம் இதுதான். எடை குறைந்திருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அவளுடைய முதுகெலும்பு குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்படுகிறது. அது எனக்குத்தான் தட்டுப்படுகிறது, உங்களுக்கல்ல. ஆனாலும் அனுப்ப மாட்டேன். பானு ரயிலேறிப் போனபின் இந்த வீட்டில் என்னோடு இருப்பது அவள் ஒருத்தி. காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் சத்தம் கேட்டதும் "அம்மா" என்பாள். சத்தம் போனதும் திரும்பி என்னைப் பார்ப்பாள், சரி, இனி நீதான் என்கிற மாதிரி. இந்தப் பார்வையைத் துறையூருக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? உங்கள் வீட்டில் அவளை விருந்தாளியாக நடுக்கூடத்தில் உட்கார வைத்து அத்தனை பேரும் சுற்றி நின்று வாயைப் பார்ப்பீர்கள். கடைப்பக்கம் தூக்கிப்போனால் கையில் காராபூந்தி. வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தால் வாசல் கதவு சாத்தியிருக்கும். இது என் முடிவு, மாற்றமில்லை.

உங்கள் பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, படிப்பைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் அளவுக்கு உயரட்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். மயிலம்மாளுக்கு என் வணக்கம். கடையில் பொட்டலம் மடிக்கும் அம்மாளுக்கும் என் விசாரிப்பு. அவராவது பதில் வாழ்த்துச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. தர்மராஜ், எம்.எஸ்சி., எம்.ஃபில்.

பின்குறிப்பு:

ஹரி, மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். இதைப் படிக்கும்போது படித்திருப்பாய், அதனால் மறந்துவிடு. கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது, மனம் வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய சாப்பாட்டு நேரம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அட்டவணை வந்ததிலிருந்து நான் நேரம் தவறியது இதுதான் முதல் தடவை. எழுதிய கோபத்தில் எனக்கே நல்ல பசி. முதலில் அவளுக்கு என்ற முறையை விட்டுவிட்டு, ஒரு தட்டில் சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் கொஞ்சம் கீரையும் போட்டு, பரணிலிருந்து உன் காராபூந்தியை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கடிதத்தைத் திரும்பப் படித்தபடி சாப்பிட ஆரம்பித்தேன். துறையூர் வீட்டு முதல் இலையைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்திருந்தேன். அப்போது முழங்காலில் ஏதோ சாய்ந்தது. அவள்தான். எதிரே அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் தட்டில் கையை வைத்தாள். நான் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஓரக்கண்ணில் தெரிந்தது, கூட்டை எடுத்தாள், சோற்றை எடுத்தாள், கீரையை எடுத்தாள், கன்னத்தில் ஒதுக்கவில்லை, விழுங்கினாள். காராபூந்திப் பக்கம் போனபோது மட்டும் தட்டைத் திருப்பினேன். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன், எனக்காக அல்ல. நடுவில் ஒரு கவளத்தை எடுத்து என் வாயில் திணித்தாள். உப்பு சரியாக இருந்தது.

தனியாக உட்கார வைத்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது, ஹரி. இது எனக்குத் தெரியாத விஷயமா? நானே அவளுக்கு முதல் இலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தட்டையும் அரிசியையும் பாயையும் சோதித்தவன் இதைச் சோதிக்கவில்லை.

அட்டவணை அப்படியே இருக்கும். அதில் தப்பில்லை, இனி அதில் இருப்பதை நானும் சாப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கேழ்வரகுக் கூழ் எனக்குப் பிடிக்காது; பார்ப்போம். திருவிழா முடிந்து லூர்துராணி வந்ததும் முட்டைக்கு ஆறு தாண்டுவோம், இரண்டு முட்டை அவிக்கச் சொல்ல வேண்டும். தபால் ஆபீசுக்குப் போகிற வழியில் சடகோபனிடம், வாசல்குழாய் இருக்கிற வீட்டை விட மனமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. மூன்று பேரும் வருகிறோம். சாயங்காலம் மூன்று பேரும் திரும்பிவிடுவோம், பானுவுக்கு மறுநாள் ரயில். முறுக்கு டின் இருந்தால் நானே பிடித்துக்கொள்கிறேன். பரணில் பாக்கெட் காலி, அதையும் நினைவில் வை. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை. அழைப்பிதழ் விஷயத்தை மட்டும் நான் மறக்கவில்லை.

மயிலம்மாளிடம் ஒன்று சொல்லிவிடு. எனக்கு முதல் இலை வேண்டாம். ஆனந்தவள்ளிக்குத் தனித் தட்டும் வேண்டாம். நீங்கள் எல்லாரும் உட்காரும்போது அடுக்களையில் ஒரு ஓரத்தில் எங்களுக்கும் இடம் விடுங்கள். எதைச் சொல்லிச் சிரிப்பீர்களோ, அதை நான் இருக்கும்போது சொல்லுங்கள்.